தூக்குபவரும் பற்றரியும்: பயண ஸ்கூட்டருடன் சில ஆண்டுகள்

நடக்கச் சிரமப்படுவோர் அமர்ந்து ஓட்டும் மின்சார வண்டியான மொபிலிட்டி ஸ்கூட்டரைப் பயணத்துக்கென வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் அதன் இருக்கையில் ஏறி அமர்ந்து பார்க்கிறார்கள். அதற்கு முன்னர், பயணத்தில் கூட வரப்போகும் ஆளைக் கொண்டு அந்த ஸ்கூட்டரைத் தரையிலிருந்து இடுப்பளவு உயரத்துக்குத் தூக்க வைத்துப் பார்க்க வேண்டும் என்பதே என் முதல் ஆலோசனை. முழங்கால் மூட்டுத் தேய்மானத்தோடு முள்ளந்தண்டுக் கோளாறும் உள்ள எனக்கு வீட்டுக்குள்ளே சிறிது தூரம் நடக்க முடியும். வெளியே இறங்கினால் வாகனம் வேண்டும். 2019 இல் வாங்கிய மடிப்பு ஸ்கூட்டர் ஒன்றை கொழும்பின் வெள்ளவத்தைத் தெருக்களிலும், விமானப் பயணங்களிலும், சிங்கப்பூரிலிருந்து புறப்படும் சுற்றுலாக் கப்பலிலும் இன்றுவரை பயன்படுத்தி வருகிறேன். அதை ஓட்டுவது நான். தூக்குவது எழுபதை நெருங்கும் என் கணவர். ஆகவே எங்கள் வீட்டில் ஸ்கூட்டரைத் தெரிவு செய்யும் உரிமையில் பெரும்பங்கு அவருடைய முதுகுக்கே உரியது.

விளம்பரங்களில் மொத்த எடையைப் பெரிதாகப் போடுவார்கள். பயணத்துக்கு அந்த எண்ணைவிட முக்கியமானது, ஒரே தடவையில் தூக்க வேண்டிய ஆகப் பாரமான துண்டின் எடை. பிரைட் நிறுவனத்தின் கோ-கோ வகை வண்டிகள் இருக்கை, பற்றரி, முன்பாகம், பின்பாகம் என்று துண்டு துண்டாகக் கழலும். ஒவ்வொரு துண்டும் தனியே பாரமில்லை என்றாலும், விமான நிலைய வாசலில் அவற்றைக் கழற்றி மீண்டும் பொருத்துவதற்குக் குனிந்து நிமிர வேண்டும். தைவான் தயாரிப்பான லகி போன்றவை முழுதாக மடிந்து ஒரு பெட்டியைப் போல இழுபடும். ஆனால் படியோ வாகனமோ வந்துவிட்டால் முழு உடலையும் ஒன்றாகத் தூக்கியாக வேண்டும். இஸ்ரேலின் மூவிங் லைஃப் நிறுவனத்தின் அட்டோ மடிவதோடு இரண்டு பாகங்களாகவும் பிரியும். என்னிடம் இருப்பது முழுதாக மடியும் மூன்று சக்கர வகை. பற்றரியைக் கழற்றிய பின் ஏறத்தாழ 21 கிலோ வரும். ஒருவர் தூக்கி வாகனத்தில் ஏற்றுவதற்கு அது எல்லை எடை. 25 கிலோவைத் தாண்டிய எதனையும் முதியவர் ஒருவரின் துணையோடு பயணிப்பவர்களுக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

தூக்குபவர் எப்போதும் வீட்டு ஆளாக இருப்பதில்லை என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். காலி வீதி என்னும் எங்கள் பெருந்தெருவில் ஓட்டோவை நிறுத்தினால், "அன்ரி, நீங்கள் ஏறுங்கோ, இதை நான் பாத்துக்கொள்ளுறன்" என்று சாரதித் தம்பி இறங்கி வந்து, கண்ணுக்கு முதலில் படும் இருக்கையைப் பிடித்துத் தூக்குவார். இருக்கை மட்டும் கையோடு வரும். வண்டி தரையிலேயே கிடக்கும். இருக்கை கழலும் வகை என்பதால் அதில் சேதம் எதுவும் இல்லை. ஆனால் உயர்த்திய பிறகு பாதியில் கழன்றால் வண்டி காலில்தான் விழும். பிடிக்க வேண்டிய குறுக்குக் கம்பியில் சிவப்பு நாடா சுற்றி வைத்த பிறகு, யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டிய தேவை அநேகமாக இல்லாமற் போயிற்று.

அடுத்தது பற்றரி. விமானப் பயணம் உங்கள் திட்டத்தில் இருக்குமானால், வண்டியின் நிறத்தையும் வேகத்தையும் பார்ப்பதற்கு முன் பற்றரியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபலைப் படியுங்கள். அதிலுள்ள வோல்ட் அளவை அம்பியர் மணியால் பெருக்கினால் வாட் மணி கிடைக்கும். 24 வோல்ட், 10 அம்பியர் மணி என்றால் 240 வாட் மணி. சர்வதேச விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் விதிகளின்படி, கழற்றும்படி அமைந்த லித்தியம் அயன் பற்றரியுடன் மடிக்கக்கூடிய நடமாட்ட உதவி வண்டிகளுக்கு, பற்றரி ஒன்றாயின் 300 வாட் மணி, இரண்டாயின் ஒவ்வொன்றும் 160 வாட் மணி என்பதே உச்சம். அதைக் கழற்றி, முனைகள் எதிலும் முட்டாதவாறு மூடி, பயணியே விமானத்துக்குள் எடுத்துச் செல்ல வேண்டும். விமான நிறுவனத்தின் முன் அனுமதியும் வேண்டும். மேலதிகப் பற்றரியாக 300 வரையான ஒன்றையோ 160 வரையான இரண்டையோ கொண்டு போகலாம். "தூரம் கூடப் போகும்" என்று கடைக்காரர் பெருமையோடு காட்டும் 15 அம்பியர் மணிப் பற்றரி 24 வோல்டில் 360 வாட் மணியாகிவிடுவதால், அது வீட்டிலேயே தங்க வேண்டியதுதான். வாட் மணி அளவு லேபலில் நேரடியாக அச்சிடப்பட்டிருப்பதும் முக்கியம். அது இல்லாத இடத்தில் பாதுகாப்புச் சோதனையில் நிற்கும் உத்தியோகத்தருக்குப் பெருக்கல் கணக்கை விளங்கப்படுத்துவது, வரிசையில் பின்னால் நிற்பவர்களின் பொறுமையைச் சோதிக்கும் வேலை. லேபலின் படத்தையும், கையேட்டில் பற்றரி விபரம் உள்ள பக்கத்தையும், விமான நிறுவனம் அனுப்பிய அனுமதி மின்னஞ்சலையும் அச்சிட்டு ஒரே உறையில் வைத்திருக்கிறேன். கட்டுநாயக்க விமான நிலையத்தில் அந்த உறை கடவுச்சீட்டோடு சேர்ந்தே வெளியே வரும்.

விலை குறைந்த வண்டிகளில் வரும் மூடிய ஈய அமிலப் பற்றரிகளையும் விமானத்தில் ஏற்றலாம். கசியாத வகையாக இருந்து, வண்டியில் உறுதியாகப் பொருத்தப்பட்டிருந்தால் கழற்ற வேண்டியதும் இல்லை. அவற்றின் குறை எடைதான். வாரத்தில் ஓரிரு நாள் கடைக்கும் கோயிலுக்கும் மட்டும் போகிறவர்களுக்கு அது போதும்.

விமான நிறுவனத்துக்குக் குறைந்தது 48 மணி நேரத்துக்கு முன்னர் அறிவித்து, மடித்த நிலையிலுள்ள நீள, அகல, உயரத்தையும் எடையையும் கொடுத்துவிட வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் இதனைப் பயணப்பொதி அளவில் சேர்க்காமல் இலவசமாகவே ஏற்றுகின்றன. வண்டியைப் பதிவுக் கருமபீடத்தில் ஒப்படைக்காமல் விமான வாசல் வரை ஓட்டிச் செல்லக் கேளுங்கள், கிடைத்தால் நல்லது. ஒப்படைக்கும்போது கவனிக்க வேண்டியது பிரேக். இந்த வண்டிகளில் மின்காந்தப் பிரேக் உள்ளது. மின்சாரம் இல்லாதபோது அது தானாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். தள்ள வேண்டுமானால் பின்சக்கரத்தருகே உள்ள சிறிய லீவரைத் திருப்ப வேண்டும். இது தெரியாத ஊழியர் வண்டியைத் தரதரவென்று இழுத்துப் போனால் சக்கரம் தேயும், மோட்டாருக்கும் நல்லதல்ல. லீவர் இருக்கும் இடத்தை அம்புக்குறியிட்டு, சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

அப்படி ஒட்டியும் ஒருமுறை ஹாண்டில் மடியும் பூட்டு வளைந்த நிலையில்தான் வண்டி எனக்குத் திரும்பி வந்தது. பொதி எடுக்கும் மண்டபத்தை விட்டு வெளியேறாமலே சேத அறிக்கை எழுதுவித்ததனால் திருத்தச் செலவு கிடைத்தது. சர்வதேச விமானப் பயண நட்டஈடு பற்றிய மொன்றியல் உடன்படிக்கையின் கீழ் சேதத்தை 7 நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். 2024 டிசம்பர் 28 முதல் பொதிக்கான நட்டஈட்டு உச்சம் பயணி ஒருவருக்கு 1,519 எஸ்.டி.ஆர். (சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு). ஸ்கூட்டரும் இந்தக் கணக்கில் பொதியாகவே கொள்ளப்படுவதால், அந்தத் தொகையைவிட விலை கூடிய வண்டி வைத்திருப்பவர்கள் ஒப்படைக்கும்போதே அதன் பெறுமதியை விசேடமாக அறிவித்து, கேட்கும் மேலதிகக் கட்டணத்தைச் செலுத்தலாம். நான் பயணக் காப்புறுதியையும் பார்த்து எடுக்கிறேன். சில காப்புறுதிகள் நடமாட்ட உதவிச் சாதனங்களை விலக்கி வைத்திருக்கும்.

கப்பலில் கதை வேறு. அங்கே எடை பெரிய சிக்கலல்ல, அகலமே சிக்கல். பல கப்பல்களில் சாதாரண அறையின் கதவு அகலம் ஏறத்தாழ 58 சென்றிமீற்றர். வலுவிழந்தோருக்கான அறைகளில் அது 80ஐத் தாண்டும். அந்த விசேட அறைகள் ஒவ்வொரு கப்பலிலும் சிலவே இருப்பதால் மாதக் கணக்கில் முன்கூட்டியே போய்விடுகின்றன. என் வண்டி 46 சென்றிமீற்றர் அகலம் என்பதால் சாதாரண அறைக்குள்ளும் நுழைகிறது. நுழைந்த பிறகு கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் திருப்ப இடமில்லாததால், மடித்து அலுமாரியோடு ஒட்டி நிறுத்திவிடுவோம். ஸ்கூட்டரை அறைக்கு வெளியே நடைவழியில் விட அனுமதிப்பதில்லை. ஆபத்து நேரத்தில் எல்லோரும் ஓட வேண்டிய பாதை அது. கதவு அகலத்தைக் கேட்காமல் அகலமான நான்கு சக்கர வண்டியோடு வந்த ஒரு தம்பதியர், ஒவ்வொரு இரவும் வாசலில் வைத்து அதைத் துண்டு துண்டாகக் கழற்றியதை எதிர் அறையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தோம். சாதாரண அறையின் குளியலறை வாசலில் உயர்ந்த விளிம்பு இருக்கும் என்பதையும், கால் தூக்க முடியாதவர்களுக்கு அது பெரும் தடை என்பதையும் முகவர்கள் சொல்ல மாட்டார்கள்.

சார்ஜ் செய்ய வசதி உண்டு. ஆனால் பல கப்பல்களில் நீட்டிப்பு வயர்களை ஏற்றவே விடமாட்டார்கள், சோதனையில் எடுத்து வைத்துவிடுவார்கள். ஆகவே பற்றரியைக் கழற்றி, மேசையருகே உள்ள சொக்கற்றில் வைத்து ஏற்றக்கூடிய வண்டியே வசதி. வண்டியோடு சேர்த்தே சார்ஜ் செய்ய வேண்டிய வகையானால், அந்த ஒரே சொக்கற்றுக்குப் பக்கத்தில் வண்டி முழுவதும் நிற்க வேண்டும். சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் வரை என்று அச்சிடப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். நமது நாட்டின் 230 வோல்டுக்குப் பழகியவர்கள் கப்பலில் 110 வோல்ட் சொக்கற்றையும் சந்திக்க நேரிடும்.

துறைமுகங்களைப் பற்றிப் பதிவு செய்யும் முன்னரே ஒரு கேள்வி கேளுங்கள்: கப்பல் துறைமேடையில் கட்டுமா, அல்லது கடலில் நங்கூரமிட்டுச் சிறு படகில் இறக்குமா? பினாங்கில் கப்பல் சுவெட்டன்ஹாம் துறைமேடையிலேயே கட்டுகிறது. அங்கிருந்து ஜோர்ஜ் டவுனின் சின்ன இந்தியாவுக்கும் மகாமாரியம்மன் கோயிலுக்கும் ஸ்கூட்டரிலேயே போய்விடலாம். கடைகளின் முன்புறத்தோடு சேர்ந்த, ஐந்தடி எனப்படும் நடைபாதைகள் கடைக்குக் கடை ஏறி இறங்குவதால் தெருவோரமாகத்தான் ஓட்ட வேண்டும் என்பது ஒன்றே குறை. புக்கெற்றின் பத்தொங் விரிகுடாவிலோ படகுதான். அலையில் ஆடும் படகுக்கு வண்டியை மாற்றுவது மாலுமிகளின் தீர்மானம். நான் போன அன்று அவர்கள் மறுத்தார்கள், அது நியாயமாகவே எனக்குப் பட்டது. இறங்குபலகையின் சாய்வும் நீர்மட்டத்தைப் பொறுத்து மாறும். செங்குத்தாக இருந்தால் வண்டியை விட்டு இறங்கி, கம்பியைப் பிடித்து நடந்து, வண்டியை ஊழியர்களிடம் கொடுப்பதே பாதுகாப்பு. மூன்று சக்கர வண்டி ஒடுங்கிய மூலைகளில் அழகாகத் திரும்பும். பக்கச் சாய்வில் அதற்கு நம்பிக்கை குறைவு. சாய்வான இடங்களில் அதிகம் ஓடுபவர்கள் நான்கு சக்கரத்தையே எடுக்கட்டும்.

கொழும்பில் ஓட்டுவதற்குப் பயண ஸ்கூட்டர் உகந்ததா என்று பலர் கேட்கிறார்கள். காலிமுகத்திடலின் கடலோர நடைபாதையும் பெரிய வணிக வளாகங்களும் சரி. காலி வீதி நடைபாதை அப்படியல்ல: பெயர்ந்த கற்கள், வாகனம் ஏறும் சரிவுகள், குறுக்கே நிற்கும் மோட்டார் சைக்கிள்கள். சிறிய திண்மச் சக்கரங்களும் தரையோடு ஒட்டிய அடிப்பாகமும் கொண்ட வண்டி ஒவ்வொரு விளிம்பிலும் நின்றுவிடும். இலங்கையில் வலுவிழந்தோருக்கான அணுகுவசதி ஒழுங்குவிதிகள் 2006 இலேயே வெளிவந்துவிட்டன. ஆயினும் சாய்தளம் என்ற பெயரில் சிலர் போட்டிருக்கும் கொங்கிறீற்றுச் சரிவில் வண்டி ஏறுவதற்கு முன் பின்பக்கம் கவிழும். 12 அடி நீளத்துக்கு 1 அடி உயரம் என்ற கணக்கு அவர்களுக்கு எட்டவில்லை. வெள்ளவத்தை உப்புக் காற்றில் இருக்கைத் தண்டின் திருகுகள் முதல் ஆண்டிலேயே துருப்பிடித்தன; அவற்றைத் துருப்பிடிக்காத எஃகுத் திருகுகளாக மாற்றியது அயலிலுள்ள சைக்கிள் கடைக்காரர்தான்.

ஒரு சார்ஜில் ஓடும் என்று பெட்டியில் போட்டிருந்த தூரத்தில் பாதிக்குச் சற்று மேல்தான் புதிதிலேயே கிடைத்தது. கப்பலின் தடித்த கம்பளம் அதையும் குறைக்கும். ஊரடங்குக் காலத்தில் பாதி சார்ஜில் வைத்து இடைக்கிடை ஏற்றி வந்ததால் பற்றரி தப்பியது. 2022 மின்வெட்டுகளின்போது மின்சாரம் வரும் நேரம் பார்த்து ஏற்றினோம். இருந்தும் ஐந்தாவது ஆண்டளவில் அது தளர்ந்துவிட்டது. புதியது இங்கே கிடைக்கவில்லை. தனி லித்தியம் அயன் பற்றரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றுவது 2016 ஏப்ரல் முதல் தடை. கனடாவிலிருந்து வரும் தங்கையிடம் சொல்லிவிடலாம் என்று பார்த்தால், சாதாரணப் பயணி உதிரியாகக் கொண்டுவரக்கூடிய உச்சம் 160 வாட் மணி. 300 என்ற சலுகை நடமாட்ட உதவி வண்டியோடு பயணிப்பவருக்கே உரியது. எனவே அடுத்த கப்பல் பயணத்துக்குச் சிங்கப்பூர் போனபோது அங்குள்ள விற்பனையாளரிடம் முன்பதிவு செய்து புதிய பற்றரியை நானே வாங்கி, அனுமதி எடுத்துக் கைப்பையில் கொண்டுவந்தேன். பழையதை அவரிடமே அகற்றக் கொடுத்தேன். வண்டி வாங்கும்போதே, அதே பற்றரியை இன்னும் ஐந்து ஆண்டுகள் தயாரிப்பார்களா என்றும், நீங்கள் விமானத்தில் போய்வரும் எந்த ஊரில் அது கிடைக்கும் என்றும் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.