துவரை: வீரிய ஒட்டா, தேர்வு ரகமா?

இரண்டு வேறு பெற்றோரைக் கலந்து ஒவ்வொரு முறையும் புதிதாக உண்டாக்கும் விதை வீரிய ஒட்டு. நல்ல செடிகளைத் தேர்ந்து நிலைப்படுத்தி, விவசாயியே விதை எடுத்துவைக்கக் கூடியது தேர்வு ரகம். மகசூலை மட்டும் பார்த்தால் வீரிய ஒட்டுத் துவரைதான் முந்துகிறது. ஹைதராபாத் அருகே பட்டான்செருவிலுள்ள சர்வதேசப் பயிர் ஆராய்ச்சி நிலையமான இக்ரிசாட் உருவாக்கிய ஐசிபிஎச் 2671 என்ற ஒட்டு, 2010-இல் மத்தியப் பிரதேசத்தில் வெளியானது. விவசாயிகளின் வயலிலேயே மாருதி என்ற தேர்வு ரகத்தைவிட சுமார் 30 சதவீதம் கூடுதலாகக் காய்த்தது. பக்கக் கிளையும் செடிக்கான காயும் கூடியதுதான் காரணம். ஒரு காய்க்கு எத்தனை மணி என்பதில் துவரை பெரிதாக மாறாது.

ஆனால் பெற்றோர் இரண்டும் நெருங்கிய உறவாக இருந்தால் அந்த வீரியம் வராது. அதனால் ஒட்டு உருவாக்குபவர்கள் பலவகை விதைகளைச் சேமித்து வைத்திருக்கும் மரபணு வங்கியைத் துழாவியே ஆக வேண்டும். ஐசிபிஎச் 2671-இன் விதை உற்பத்திக்குத் தேவையான ஆண் மலட்டுத்தன்மையே, அதாவது தாய்ச்செடியில் மகரந்தம் உண்டாகாத தன்மையே, காட்டுத் துவரையிலிருந்து வந்ததுதான். தேர்வு ரகத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. பழகிய நாலைந்து பெற்றோரையே திரும்பத் திரும்பக் கலந்தால் பன்மை சுருங்கிவிடும். எனக்கு இது பெரிய கவலை. இருந்தாலும் 1993-இல் வந்த ஆஷா என்ற தேர்வு ரகத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். வாடல் நோய், மலட்டுத் தேமல் இரண்டையும் தாங்கும் ரகம் அது.

சரி, விதை உற்பத்திக்கு வருவோம். 1991-இல் வந்த முதல் ஒட்டான ஐசிபிஎச் 8, அப்புறம் கோவையில் 1994-இல் வந்த கோபிஎச் 1 எல்லாம் இங்கேதான் தடுக்கி விழுந்தன. அவற்றின் விதை வயலில், தாய்ச்செடிகளை நடும் பெண் வரிசையில் பாதிச் செடிகள் மலடாக இருக்காது. பூக்கத் தொடங்கியதும் ஆட்களை இறக்கி, ஒவ்வொரு செடியிலும் மொட்டைப் பிரித்து மகரந்தப்பையைப் பார்க்க வேண்டும். மஞ்சளாக இருந்தால் செடியைப் பிடுங்க வேண்டும், வெளிறிக் கண்ணாடிபோல் இருந்தால் விட்டுவிடலாம். அந்தக் கூலியில் விதை விலை ஏறிவிட்டது. ஐசிபிஎச் 2671-இன் புதிய முறையில் பெண் வரிசை முழுக்க மலடு என்பதால் இந்தப் பிடுங்கல் வேலை இல்லை. பக்கத்து ஆண் வரிசையிலிருந்து மகரந்தத்தைத் தேனீ சுமந்து வரும்.

அதே தேனீதான் ஆஷாவையும் கெடுக்கிறது. பக்கத்து வயலின் மகரந்தம் கலந்து, சேமித்த விதை சில பருவங்களில் தரம் குறைந்துவிடும்.

ஆண்டுதோறும் புது விதை வாங்க வசதியும், நம்பி விதை வாங்கும் இடமும் இருந்தால் ஒட்டுக்குப் போகலாம். மானாவாரியில் சொந்த விதையை நம்பியிருப்பவருக்கு நோய் தாங்கும் தேர்வு ரகமே சரி என்பேன். விதைக்கு எடுக்கும்போது ஓர வரிசைகளை விட்டுவிட்டு, நடுவயலில் நோயில்லாத செடிகளில் மட்டும் எடுங்கள். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை, தரம் சோதித்துச் சான்றளித்த விதைக்கு மாறிவிடுங்கள்.