கம்ப்ரஸரா பேட்டரியா, வீட்டு பட்டறைக்கு எது செட் ஆகும்?

ஏர் டூல்ஸ்ல இருந்து, அதாவது கம்ப்ரஸர் காத்துல ஓடற டூல்ஸ்ல இருந்து, பேட்டரிக்கு மாறலாமானு கேட்டா முக்காவாசி பேரு உடனே டார்க் (முறுக்கு விசை) நம்பரைத்தான் எடுத்து வைக்கிறாங்க, இது இத்தனை நியூட்டன் மீட்டர் அது அத்தனை நியூட்டன் மீட்டர்னு. அந்த சண்டை எப்பவோ முடிஞ்சிருச்சுங்க. கார் வீல் நட்டு பெரும்பாலும் 80ல இருந்து 140 நியூட்டன் மீட்டருக்குள்ளதான் டைட் பண்ணியிருக்கும், துரு புடிச்சிருந்தா கழட்ட அதைவிட நிறைய வேணும்தான், ஆனா நடுத்தர சைஸ் பேட்டரி இம்பேக்ட் ரெஞ்சே (தட்டித் தட்டி நட்டை கழட்டற மெஷின்) இப்ப சாதாரணமா 300 தாண்டிருது. வீட்டு வேலைக்கு இதுக்கு மேல பவர் வேணும்னு அடம்பிடிக்க ஒண்ணும் இல்ல.

ஏர் டூல்னா தனி பவர்னு ஒரு பேரு இருக்கு பாருங்க, அது பெரிய மெக்கானிக் ஷாப்ல ஓடற கம்ப்ரஸர் சம்பாதிச்சு குடுத்த பேரு. நம்ம வீட்ல நிக்கிறது 1.5 ஹெச்பி, மிஞ்சிப்போனா 2 ஹெச்பி, டேங்க் 24 லிட்டரோ 50 லிட்டரோ. பேட்டரி டூலை இந்த கம்ப்ரஸரோடதான் வச்சு பார்க்கணும், அந்த ஷாப் கம்ப்ரஸரோட இல்ல.

ஒரு சின்ன கணக்கு போட்டாலே புரிஞ்சிரும். 50 லிட்டர் டேங்க், பிரஷர் 8 பார் வந்ததும் மோட்டார் நிக்கும், 6 பாருக்கு இறங்கினா திரும்ப ஸ்டார்ட் ஆகும்னு வச்சுக்கோங்க. நடுவுல இருக்கற அந்த 2 பார்ல நம்ம கைக்கு கிடைக்கிறது கிட்டத்தட்ட 100 லிட்டர் காத்து. ஏர் சாண்டர் (உப்புத்தாள் தேய்க்கற மெஷின்) ஒண்ணு சுமாரா 10 சிஎஃப்எம் (நிமிஷத்துக்கு இத்தனை கன அடி காத்துங்கற அளவு) கேக்கும், அதாவது நிமிஷத்துக்கு 280 லிட்டர் பக்கம். அப்ப அந்த 100 லிட்டர் 20 செகண்டு தாங்கும், அவ்ளோதான். அதுக்கப்புறம் கம்ப்ரஸர் ஓடிக்கிட்டே இருக்கும், 2 ஹெச்பி மெஷின் நிஜமா தள்றது 6, 7 சிஎஃப்எம்தான், டப்பாவுல அதைவிட பெருசா போட்டிருந்தா அது பெரும்பாலும் பிஸ்டன் கொள்ளளவை வச்சு போட்ட கணக்கு, வெளிய வர்ற காத்து இல்ல. சாண்டர் சுத்து கொறஞ்சுக்கிட்டே வரும், நீங்க நிறுத்திட்டு டேங்க் ரொம்பற வரைக்கும் பார்த்துக்கிட்டு நிக்கணும். விடாம ஓடினா கம்ப்ரஸர் ஹெட்டு சூடாகும், சூடான காத்துல இருக்கற ஈரம் ஹோஸ்ல போய் ஆறி தண்ணியா மாறி டூல் வழியா பீச்சும், மரத்துல தேய்ச்சிட்டு இருந்தீங்கன்னா அங்கயே கறை.

பேட்டரிக்கும் இதே மாதிரி கணக்கு இருக்கு, அதையும் போட்டுருவோம். 18 வோல்ட் 5 ஆம்பியர் ஹவர் பேட்டரின்னா 90 வாட் ஹவர். (20 வோல்ட் மேக்ஸ்னு விக்கிறதும் இதே அஞ்சு செல் வரிசைதான், ஃபுல் சார்ஜ்ல காட்டற வோல்டேஜை போட்டிருக்காங்க, வேற ஒண்ணும் இல்ல.) ஆங்கிள் கிரைண்டரை அழுத்தி இரும்பு வெட்டினா 700 வாட் இழுக்கும், அப்ப 7, 8 நிமிஷத்துல பேட்டரி காலி. அதுவே சாண்டர்னா 200 வாட் பக்கம்தான், 25 நிமிஷம் தாங்கும். இம்பேக்ட் ரெஞ்ச் ஒரு நட்டுக்கு ரெண்டு மூணு செகண்டுதான் ஓடுது, அதனால ஒரு சார்ஜ்ல எத்தனை வண்டிக்கு வீல் மாத்தினாலும் பேட்டரி அசராது.

அதனாலதான் நான் பார்க்கறது டூல் விட்டு விட்டு ஓடுதா விடாம ஓடுதாங்கறதை. நட்டு கழட்டறது, ஸ்க்ரூ ஏத்தறது, ஓட்டை போடறது, இதெல்லாம் விட்டு விட்டு ஓடற வேலை, இங்க பேட்டரியை அடிச்சுக்க ஆளில்ல. நாலு வீல் நட்டு கழட்ட கம்ப்ரஸரை ஆன் பண்ணி அது தடதடன்னு ரொம்பறதுக்கு காத்திருந்து ஹோஸை பிரிச்சு வண்டிக்கு அடியில இழுத்துட்டு போறதுக்குள்ள பேட்டரி ரெஞ்ச் வேலையை முடிச்சிருக்கும். இதுல இன்னொண்ணு, ஏர் ரெஞ்சோட ரேட்டிங் எல்லாம் டூல் ஓடிக்கிட்டு இருக்கறப்ப அதோட வாய்ல 90 பிஎஸ்ஐ பிரஷர் இருக்கணும்ங்கற கணக்குல போட்டது. சுருள் சுருளா இருக்கற கால் இன்ச் ஹோஸ்ல ட்ரிகரை அழுத்தினதும் பிரஷர் விழுந்துரும், கேஜ்ல 90 காட்டினாலும் டூலுக்கு அது போய் சேராது. பேட்டரியிலயும் இதுக்கு ஜோடி உண்டு, சின்ன 2 ஆம்பியர் ஹவர் பேட்டரியை பெரிய ரெஞ்ச்ல மாட்டினா கரண்ட் குடுக்க முடியாம திணறும். பெரிய பேட்டரியில பொதுவா செல் வரிசை ரெண்டு இருக்கும், அது அந்த லோடை தாங்கும்.

சரி விடாம ஓடற வேலைக்கு என்ன பண்றது? இங்க ரெண்டு பேருமே தோத்துட்டாங்கன்னுதான் சொல்லணும். மணிக்கணக்கா சாண்டிங், கிரைண்டிங் இருக்குன்னா பேசாம பிளக்ல சொருகற வயர் டூலை வாங்குங்க. பட்டறையிலதான் பாயிண்ட் இருக்கே. கம்ப்ரஸருக்கு குடுக்கற கரண்ட்ல டூல் முனையில வேலையா மாறறது 10, 15 சதவீதம் அளவுக்குத்தான், மிச்சமெல்லாம் சூடும் லீக்கும். அதே கரண்ட்டை நேரா மோட்டாருக்கு குடுத்தா போச்சு.

ஆனா கம்ப்ரஸரை வித்துடாதீங்க. ஊதி தூசி தட்ட, டயருக்கு காத்து அடிக்க, ஸ்ப்ரே பெயிண்ட் பண்ண இதெல்லாம் அதுகிட்டதான் நடக்கும். பேட்டரி இன்ஃப்ளேட்டர் இருக்கு, நல்லாவும் வேலை செய்யுது, ஆனா ரிம்ல இருந்து கழண்ட ட்யூப்லெஸ் டயரை திரும்ப உக்கார வைக்க ஒரே மூச்சுல நிறைய காத்து வேணும், அது கொசு மாதிரி ஊதற இன்ஃப்ளேட்டரால பெரும்பாலும் ஆகாது. ஆணி அடிக்கற நெய்லரும் எனக்கு ஏர்தான் புடிக்கும். மெல்லிசு ஆணி அடிக்கற ஏர் நெய்லர் ஒண்ணேகால் கிலோ பக்கம் இருக்கும், பேட்டரி நெய்லர் கிட்டத்தட்ட மூணு கிலோ, தலைக்கு மேல கையை தூக்கி ஃப்ரேம் அடிச்சு பாருங்க தோள்பட்டை சொல்லும். ஏர் நெய்லருக்கு காத்தும் ரொம்ப கம்மியாத்தான் செலவாகும், 24 லிட்டர் டேங்கே தாராளம். ஏணி மேலயோ கூரை மேலயோ ஹோஸ் எட்டாத இடத்துலயோன்னா பேட்டரி நெய்லர் எடுக்கலாம்.

ஆயுசு விஷயத்துல ஏர் டூல் கெட்டி. வேலைக்கு முன்னாடி ரெண்டு சொட்டு ஆயில் விட்டு எப்பவாவது ஓ ரிங் (காத்து கசியாம அடைக்கற ரப்பர் வளையம்) மாத்தினா வருஷக்கணக்கா ஓடும், லோடு தாங்காம நின்னாலும் சுட்டுப்போகாது. பேட்டரி சும்மா வச்சிருந்தாலும் வயசாகும். ரொம்ப நாள் எடுக்க மாட்டீங்கன்னா பாதி சார்ஜ்ல சூடில்லாத இடத்துல வைங்க, உறைபனி குளிர்ல இருந்து எடுத்தவுடனே சார்ஜ் போடாதீங்க. கம்ப்ரஸர்லயும் ஒரு வேலை இருக்கு, டேங்க் அடியில இருக்கற வால்வை திறந்து தண்ணியை இறக்கி விடணும். உள்ள துரு அரிச்ச டேங்க் வெடிச்சா அது விளையாட்டு இல்ல.

மாறறதுன்னா கடைசியில நீங்க தேர்ந்தெடுக்கறது டூலை இல்ல, பேட்டரியைத்தான். ஒரு கம்பெனி பேட்டரி இன்னொண்ணுல ஏறாது, ஒரே கம்பெனிக்குள்ளயும் மகிட்டாவோட 18 வோல்ட் எல்எக்ஸ்டியும் 40 வோல்ட் எக்ஸ்ஜிடியும் ஒண்ணுக்கொண்ணு சேராது. மெட்டாபோ 2018ல ஆரம்பிச்ச சிஏஎஸ் மாதிரி பல கம்பெனி ஒரே பேட்டரியை பகிர்ந்துக்கற கூட்டணியும் இருக்கு. அதனால ரெஞ்ச் ஆஃபர்ல வருதேன்னு பாயாம, அடுத்து வாங்கப்போற டிரில், ராட்செட், லைட், இன்ஃப்ளேட்டர் எல்லாம் அந்த வரிசையில இருக்கா, பேட்டரி மட்டும் தனியா சுலபமா கிடைக்குதான்னு பாருங்க. முதல்ல ரெண்டு 5 ஆம்பியர் ஹவர் பேட்டரியோட வர்ற இம்பேக்ட் ரெஞ்ச் கிட், அப்புறம் வேணுங்கறதை பேட்டரி இல்லாத வெறும் டூலா ஒண்ணொண்ணா சேர்த்துக்கலாம். சாண்டரும் பெரிய கிரைண்டரும் வயர்லயே இருக்கட்டும்.