ஆர்21-ஆ, ஆர்01-ஆ?

குழந்தை அசைந்தாலும் படம் கலங்காத எம்ஆர்ஐ சுருள் (ஸ்கேன் கருவியில் உடலிலிருந்து வரும் சமிக்ஞையைப் பிடிக்கும் பாகம்). யோசனை தயார், கையில் தரவு இல்லை. அமெரிக்காவின் அரசு மருத்துவ ஆய்வு அமைப்பான என்ஐஎச்-இடம் எந்த மானியம் கேட்பது: புது யோசனையைச் சோதிக்கும் சிறிய ஆர்21-ஆ, முழு ஆய்வுக்கான பெரிய ஆர்01-ஆ?

பணம்: ஆர்21-இல் நேரடிச் செலவுக்கு (சம்பளம், பொருள் என ஆய்வுக்கே ஆகும் செலவு) மொத்தமே 2,75,000 டாலர். ஆர்01-க்குப் பொதுவான உச்சவரம்பு இல்லை. நேரடிச் செலவு ஆண்டுக்கு 5,00,000 டாலரைத் தொட்டால் என்ஐஎச்-இடம் முன்கூட்டியே சம்மதம் வாங்க வேண்டும்.

காலம்: ஆர்21 இரண்டு ஆண்டு, புதுப்பிக்க முடியாது. ஆர்01 பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து, புதுப்பிக்கலாம்.

முன்தரவு (யோசனை பலிக்கும் என்று காட்டும் ஆரம்பச் சோதனை முடிவு): ஆர்21-க்குக் கட்டாயமில்லை. ஆனால் போட்டிக்கு வருபவர்கள் கொண்டு வருவார்கள். வெறுங்கையோடு போவது கொஞ்சம் துணிச்சல்தான். ஆர்01-இல் அது இல்லாமல் மதிப்பீட்டாளர்களை நம்பவைப்பது கடினம்.

எழுத்து வேலை: ஆய்வுத் திட்டம் ஆர்21-க்கு 6 பக்கம், ஆர்01-க்கு 12. பக்கம் குறைவு என்று மயங்க வேண்டாம், 6 பக்கத்தில் அடக்குவதுதான் சிரமம்.

அப்புறம், ஆய்வுப் பட்டம் பெற்றுப் பத்து ஆண்டுக்குள், பெரிய மானியம் வாங்காதவர்களுக்கு ஆர்01-இல் சலுகை உண்டு. ஆர்21 வாங்கினால் அது பறிபோகாது.

சுருள் இன்னும் காகிதத்தில்தான் என்றால் ஆர்21. சோதனைப் படமே எடுத்தாகிவிட்டதா? சரி, நேராக ஆர்01.