என்பிடெல்: மறுபடி படிக்க நினைப்பவருக்கு 1000 ரூபாயில் என்ன கிடைக்கிறது?

கல்லூரியை விட்டுப் பல வருடம் ஆன பிறகு, "இன்னொரு வாய்ப்பு கிடைத்தால் இதைத்தான் படிப்பேன்" என்று ஏதோ ஒரு பாடத்தை மனதில் வைத்திருப்பவர்கள் நிறைய. வேலையை விடாமல் அந்தப் பாடத்தில் கால் வைத்துப் பார்க்க, இருப்பதிலேயே மலிவான வழிகளில் ஒன்று என்பிடெல். ஐஐடிகளும் பெங்களூரு இந்திய அறிவியல் கழகமும் (ஐஐஎஸ்சி) சேர்ந்து தொடங்கிய இணையப் பாடத் திட்டம் இது. இப்போது மத்திய அரசின் இணையக் கல்வித் தளமான ஸ்வயத்தில் ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு பருவமாக நடக்கிறது. வயது வரம்பு கிடையாது, பிளஸ் டூவில் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. சேர்வது இலவசம். தேர்வு எழுத மட்டும் பாடத்துக்கு 1000 ரூபாய். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்குச் சான்று காட்டினால் பாதி.

வீடியோக்கள் யூடியூபிலேயே கிடைக்கின்றனவே, பிறகு எதற்குப் பணம்? கெடுவுக்குத்தான். ஒவ்வொரு வார அசைன்மென்டுக்கும் ஒரு கடைசி நாள் உண்டு, பெரும்பாலும் புதன்கிழமை இரவு 11:59. அதைத் தாண்டினால் நீட்டிப்பு இல்லை. பருவ முடிவில் தேர்வு மையத்துக்கு நேரில் போய், கண்காணிப்பாளர் முன்னால் 3 மணி நேரம் உட்கார்ந்து எழுத வேண்டும். பணம் கட்டாமல் பார்க்கிறவர்கள் பலர் பாதியிலேயே நின்றுபோகிறார்கள்.

மதிப்பெண் கணக்கைச் சேரும்போதே புரிந்துகொள்ளுங்கள். 12 வாரப் பாடத்தில் சிறந்த 8 அசைன்மென்டுகளின் சராசரிக்கு 25, நேரடித் தேர்வுக்கு 75. (8 வாரப் பாடத்தில் சிறந்த 6, 4 வாரத்தில் சிறந்த 3. சில புரோகிராமிங் பாடங்களில் விகிதம் வேறு. பாடத்தின் முகப்புப் பக்கத்திலேயே போட்டிருப்பார்கள்.) சான்றிதழுக்கு மொத்தம் 40 வாங்கினால் போதும் என்று நினைத்து ஏமாறுகிறவர்கள் உண்டு. அசைன்மென்டில் 25-க்கு 10, தேர்வில் 75-க்கு 30 என்று இரண்டையும் தனித்தனியாகத் தாண்ட வேண்டும். அசைன்மென்டில் முழு 25 வாங்கி, தேர்வில் நூற்றுக்கு 38 எடுத்தால் மொத்தம் 53.5 வரும், ஆனாலும் சான்றிதழ் வராது. சான்றிதழில் தரமும் உண்டு: மொத்தம் 60 முதல் எலைட், 75 முதல் சில்வர், 90 முதல் கோல்டு. அசைன்மென்டில் 24 வைத்திருப்பவருக்கு சில்வர் கிடைக்கத் தேர்வில் நூற்றுக்கு 68 போதும். கோல்டுக்கு 88 வேண்டும். இந்த இடைவெளி எண்ணில் தெரிவதைவிடப் பெரியது.

அசைன்மென்டில் 24 வாங்குவது பெரிய சாதனை இல்லை. கெடு முடியும் வரை எத்தனை முறை வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம், கடைசியாக அனுப்பியதுதான் கணக்கு. விடைகளை வெளியிடும் யூடியூப் சேனல்களும் டெலிகிராம் குழுக்களும் வாராவாரம் தயாராக நிற்கின்றன. அங்கே பார்த்து எழுதினால் 25 நிச்சயம், தேர்வு மையத்தில் முழிப்பதும் நிச்சயம்.

எந்தப் பாடம் எடுப்பது என்பதில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். மெஷின் லேர்னிங் மேல் எல்லோருக்கும் ஒரு கண். சென்னை ஐஐடி பேராசிரியர் பாலராமன் ரவீந்திரனின் அறிமுகப் பாடம் நல்ல பாடம்தான், 12 வாரம். அதன் தொடக்கத்தில் நிகழ்தகவும் நேரியல் இயற்கணிதமும் வருகின்றன. ஆனால் அவை நினைவூட்டல் மட்டுமே. அணிப் பெருக்கலையே மறந்தவருக்கு அந்த நினைவூட்டல் போதாது. சேர்வதற்கு முன்பு தமிழ்நாட்டுப் பாடநூலின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் அணிகள், வகை நுண்கணிதம், நிகழ்தகவு ஆகிய பாடங்களின் பயிற்சிக் கணக்குகளைப் போட்டுப் பாருங்கள். பாதிக்கு மேல் வரவில்லையென்றால் ஒரு பருவம் பொறுப்பது நல்லது.

நீண்ட இடைவெளிக்குப் பிறகு வருபவர்கள் 8 வாரப் பாடத்தில் தொடங்குவதே சரி. நாம் முதலில் கைகாட்டுவது சென்னை கணிதவியல் நிறுவனத்தின் மாதவன் முகுந்த் நடத்தும் பைத்தான் (புரோகிராமிங் மொழி), டேட்டா ஸ்ட்ரக்சர் (தரவை அடுக்கி வைக்கும் முறை), அல்காரிதம் (கணக்கைத் தீர்க்கும் வழிமுறை) பாடம். மீ.பொ.வ கண்டுபிடிப்பதில் தொடங்குகிறார். பத்தாம் வகுப்பில் படித்த அதே யூக்ளிட் வழிமுறைதான். முதலில் மெதுவான வழி, பிறகு அதையே ஏன், எப்படி வேகமாக்கலாம் என்று படிப்படியாக ஏறுகிறார். அவசரமில்லாத பேச்சு, வெட்டிக் கதை இல்லை. ரிகர்ஷன் (ஒரு ஃபங்ஷன் தன்னையே மறுபடி அழைப்பது) வரும் இடத்தில் ஒரு மேடு இருக்கிறது. அந்த வாரத்துக்கு மட்டும் இரண்டு மடங்கு நேரம் ஒதுக்க வேண்டும். டைனமிக் புரோகிராமிங்கை (சிறு கணக்குகளின் விடைகளைச் சேமித்து வைத்துப் பெரிய கணக்கைத் தீர்ப்பது) வீடியோ பார்த்து மட்டும் யாரும் கற்றதில்லை, தாளில் அட்டவணை போட்டு நிரப்பினால்தான் ஏறும்.

நேரக் கணக்கு: வாரத்துக்கு வீடியோ இரண்டரை முதல் மூன்று மணி நேரம். நிறுத்தி நிறுத்திக் குறிப்பெடுத்து, அசைன்மென்டும் போட்டால் ஆறு, ஏழு மணி நேரம் ஆகும். வேலையில் இருப்பவர் ஒரே பருவத்தில் இரண்டு 12 வாரப் பாடம் எடுப்பது வீண் ஆசை.

குறைகள் இல்லாமல் இல்லை. பல வீடியோக்கள் பல வருடம் முன்பு பதிவு செய்தவை; அதே பதிவுதான் பருவத்துக்குப் பருவம் திரும்ப ஓடுகிறது. சில பேராசிரியர்கள் ஸ்லைடை அப்படியே வாசிக்கிறார்கள், 1.25 வேகத்தில் வைத்தால்தான் தூக்கம் வராது. கலந்துரையாடல் பகுதியில் பதில் வருவது உதவி ஆசிரியர்களின் அக்கறையைப் பொறுத்தது. தமிழ் மொழிபெயர்ப்பு எல்லாப் பாடத்துக்கும் இல்லை, இருப்பதிலும் சொல்லுக்குச் சொல் பெயர்த்த வாக்கியங்கள் தலைசுற்ற வைக்கும். ஆங்கில எழுத்துரையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சிக்கும் இடத்தில் மட்டும் தமிழைப் பார்ப்பது மேல். பட்டம் வேண்டுமென்றால் இது அதற்கான இடம் அல்ல. கல்லூரி மாணவர்களுக்கு 12 வாரப் பாடம் 3 கிரெடிட்டாகச் சேரலாம், வெளியில் இருப்பவருக்குச் சான்றிதழ் மட்டுமே.

இனி கோட்டை விடும் இடங்கள். பாடத்தில் சேர்வது வேறு, தேர்வுக்குப் பதிவு செய்வது வேறு. இரண்டாவதற்குத் தனிப் படிவம், தனிக் கெடு. பருவத்தின் நடுவிலேயே அது மூடிவிடும். அறிவிப்பு மின்னஞ்சலில் வரும், ஜிமெயிலில் அது வேறு பிரிவில் போய் ஒளிந்துகொள்ளும். படிவத்தில் கொடுக்கும் பெயர்தான் சான்றிதழில் அச்சாகும், எனவே இனிஷியலை அடையாள அட்டையில் இருப்பது போலவே கொடுங்கள். இரண்டு பாடம் எடுத்தால் தேர்வு ஒரே நாளில் ஒரே வேளையில் விழுகிறதா என்று பணம் கட்டும் முன் பாருங்கள். தேர்வன்று ஹால் டிக்கெட் அச்சுப்பிரதியும் அசல் அடையாள அட்டையும் வேண்டும், போனில் இருக்கும் படத்தை நம்பிப் போகாதீர்கள். தேர்வைத் தவறவிட்டால் சில வாரத்தில் மறுதேர்வு என்ற பேச்சே இல்லை. எடுத்த பாடம் அடுத்த பருவத்தில் நடக்கும் என்றும் உறுதியில்லை.