பிளட் இன்கன்டேஷனா, அல்சரேட்டா?

இந்த இரண்டு இசைக்குழுக்களும் 2024-இல் ஆளுக்கொரு டெத் மெட்டல் (உறுமல் குரலும் கனத்த கிட்டாரும் கொண்ட ராக் வகை) ஆல்பம் வெளியிட்டன. ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எது?

நீளம்: பிளட் இன்கன்டேஷனின் ‘அப்சொல்யூட் எல்ஸ்வேர்’ இரண்டே பாடல், ஒவ்வொன்றும் மூன்று பகுதி, ஏறத்தாழ 44 நிமிடம். ஷஃபிளை அணைத்துவிடுங்கள், பகுதிகள் இடம் மாறினால் தொடர்ச்சி அறுந்துவிடும். அல்சரேட்டின் ‘கட்டிங் த த்ரோட் ஆஃப் காட்’ 7 பாடல், ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு.

ஒலி: முதலாவதில் பிளாஸ்ட் பீட் (மின்னல் வேக டிரம்ஸ் அடி) சட்டென நின்று சிந்தசைசர் புகும், ஒரு பகுதியில் ஜெர்மன் எலக்ட்ரானிக் இசைக்குழுவான டேஞ்சரின் ட்ரீமின் தோர்ஸ்டன் குவேஷ்னிங்கே வாசித்திருக்கிறார். அல்சரேட்டில் அப்படி மூச்சுவிட இடமில்லை. ஒரே கிட்டார்க்காரர் அடுக்கும் அபஸ்வரங்கள், அடியில் ஜேமி செயின்ட் மெராட்டின் ஓயாத டிரம்ஸ். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டால் வெறும் இரைச்சல்தான் மிஞ்சும், ஹெட்ஃபோன் கட்டாயம்.

புரோக் ராக் (நீண்ட, திருப்பங்கள் நிறைந்த ராக் இசை) பழக்கம் உள்ளவருக்கு முதலாவது. டெத் மெட்டலில் காது பழகியவருக்கு அல்சரேட், அதுவும் மூன்றாவது முறைதான் பிடிபடும்.