பொட்டாசியம் சிலிக்கேட்: ஸ்ட்ராபெரிக்குக் கவசம், டிரிப்பருக்கு எமன்

ஸ்ட்ராபெரிக்குப் பொட்டாசியம் சிலிக்கேட் என்ற சிலிக்கா திரவத்தைக் கொடுக்கலாமா என்று கேட்பவர்களுக்குப் பதிலாக ஒரு கேள்வி: சொட்டுநீர்க் குழாயில் அடைத்த டிரிப்பர்களை, அதாவது சொட்டுவான்களை, கழற்றி மாற்றும் பொறுமை இருக்கிறதா? மூன்று பருவம் பயன்படுத்தியபின், ஒரு வரிசை டிரிப்பர் முழுவதையும் மாற்றிய கடுப்பில் எழுதுவது இது.

நியாயத்தை முதலில் சொல்லிவிடலாம். சாம்பல் நோய்க்கு இது வேலை செய்கிறது. வேர் வழியே ஏறும் சிலிக்கா இலையின் மேல்தோலில் படிகிறது. பூஞ்சை தொட்டதும் செடியின் எதிர்ப்பு நொதிகளும் சீக்கிரம் விழித்துக்கொள்கின்றன. இலை விளிம்பு மேல்நோக்கிச் சுருண்டு, அடிப்பக்கம் வெள்ளைப் பொடி பூப்பது தள்ளிப்போகிறது. செம்பேன் தொல்லையும் குறைகிறது. ஆனால் பொடி தெரிந்த பிறகு ஊற்றிப் புண்ணியமில்லை. பழைய இலையில் படிந்தது புது இலைக்கு நகராது என்பதால், நாற்று வேர்பிடித்த நாளிலிருந்து விடாமல் கொடுக்க வேண்டும். இலையில் தெளித்தால் உள்ளே போவது சொற்பம். பழத்தில் வெள்ளைக் கறைதான் மிச்சம்.

லிட்டருக்கு 60 மில்லிகிராம் சிலிக்கா போதும். லிட்டருக்கு 200 கிராம் சிலிக்கா உள்ள திரவமென்றால் 100 லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. கூடவே பொட்டாசியமும் போகிறது, உரக் கணக்கில் அதைக் கழித்துக்கொள்ளுங்கள்.

இனி வயிற்றெரிச்சல். இந்தத் திரவத்தின் பிஎச் 11-க்கு மேல், அதாவது கடுங்காரம். கால்சியம் நைட்ரேட் தொட்டியில் விழுந்தால் வெள்ளையாகத் திரிந்துவிடும். அமிலம் கலந்த அடர் உரக்கரைசலில் விழுந்தால் கூழாக உறையும். ஆகவே தனித் தொட்டி கட்டாயம். வெறும் தண்ணீரில் முதலில் சிலிக்கேட். நன்றாகக் கலக்கி, நீர்த்த அமிலத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு பிஎச்சை 6 அளவுக்கு இறக்கியபிறகே உரங்கள், கால்சியம் கடைசியில்.

இத்தனை செய்தும் குழாயில் தேங்கிய கரைசல் காய்ந்தால் போச்சு. டிரிப்பர் துவாரத்தில் கண்ணாடித் துகள் மாதிரி ஒட்டும். சுண்ணாம்புப் படிவை எடுக்க விடும் அமிலம் இதை அசைக்காது, சிலிக்கா அதில் கரைவதில்லை. ஊசியால் குத்தினால் நெறுநெறுவென்று உதிரும், ஆனால் துவாரம் அகன்று அந்தச் செடி மட்டும் சேற்றில் நிற்கும். ஒவ்வொரு முறையும் கடைசிப் பத்து நிமிடம் வெறும் தண்ணீர் ஓட்டுவது ஒன்றே வழி. பாட்டில் லேபிளில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. 'முழுப் பாதுகாப்பு' மட்டும் கொட்டை எழுத்தில்.

முழுப் பாதுகாப்பாம்! வாடிய பூவிதழில் தொற்றிப் பழத்துக்கு இறங்கும் போட்ரைடிஸ் பூஞ்சை அழுகலுக்கு இதை நம்ப முடியாது. காய்ந்த இலை, பூவைக் கிள்ளி அப்புறப்படுத்தியே ஆக வேண்டும். நீர் தேங்கி வரும் அடித்தண்டு அழுகலும் அப்படியே. தழைச்சத்தை அள்ளிக் கொட்டி இலையைக் கொழுக்க வைத்தால் சிலிக்கா என்ன செய்யும்?

சொட்டுநீர் வைத்திருப்பவர்களுக்கு என் பரிந்துரை: வேண்டாம். அடுத்த பருவத்துக்கான கேன் வாங்கியாயிற்று, ஆனால் இனி வாரம் இருமுறை பூவாளியில்தான்.