தொடக்கநிலையினருக்கு ஆசனங்களை எளிதாக்குதல்: மைசூர், புணே, சென்னை

ஆசனப் பயிற்சிக்குப் புதிதாக வருபவருடைய உடல் நூலில் காணும் வடிவத்துக்கு உடனே இணங்குவதில்லை. அந்த இடைவெளியை எப்படிக் கையாள்வது என்பதில், ஒரே ஆசானிடம் பயின்ற மூவர் மூன்று வெவ்வேறு முடிவுகளுக்கு வந்தனர். திருமலை கிருஷ்ணமாச்சாரியாரிடம் (1888–1989) கற்ற பட்டாபி ஜோயிஸ் மைசூரிலும், பி.கே.எஸ். ஐயங்கார் புணேயிலும், மகன் டி.கே.வி. தேசிகாச்சார் சென்னையிலும் வளர்த்த முறைகளே இன்று உலகெங்கும் பரவியிருக்கின்றன. சுருங்கச் சொன்னால், மைசூர் முறை பயிற்சியின் அளவைக் குறைக்கிறது. புணே முறை தரையை உயர்த்துகிறது. சென்னை முறை ஆசனத்தின் வடிவத்தையே மாற்றுகிறது.

இந்த வேறுபாட்டுக்கு அவரவர் கற்ற காலமும் ஒரு காரணம் என்றே கருதுகிறேன். 1930களில் மைசூர் அரண்மனையின் ஆதரவில் நடந்த யோகசாலையில் கிருஷ்ணமாச்சாரியார் பெரும்பாலும் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் கற்பித்தார். பிற்காலத்தில் சென்னையில், நோயாளிகளும் நடுவயதினருமாக ஒவ்வொருவராக அவரை நாடி வந்தனர். ஜோயிஸ் அறிந்தது பெரிதும் முதல் காலத்து ஆசானை. தேசிகாச்சார் பாடம் கேட்கத் தொடங்கியது 1960களில். ஐயங்காரோ சிறுவயதில் காசநோய் உள்ளிட்ட நோய்களால் நலிந்திருந்தவர். ஆசானிடம் அவர் நேரடியாகப் பயின்ற காலமும் குறுகியது. எஞ்சியவற்றைத் தம் உடலிலேயே சோதித்துக் கண்டறிய வேண்டியிருந்தவருக்குக் கட்டையும் நாற்காலியும் துணையானதில் வியப்பில்லை.

மூன்றையும் ஒப்பிடப் பச்சிமோத்தானாசனம் நல்ல உரைகல். கால்களை நீட்டி அமர்ந்து முன்னோக்கிக் குனியும்போது, தொடையின் பின்தசைகள் இறுகியிருந்தால் அவை இடுப்பெலும்பைப் பின்புறமாக இழுத்துவிடுகின்றன. இடுப்பு சாயாத நிலையில் வளைவு முழுவதும் கீழ்முதுகின் மீது விழுகிறது. கையால் பாதத்தைத் தொட்டுவிட்டதாக மகிழும் பலர் உண்மையில் முதுகைக் கூனாக்கித்தான் தொட்டிருப்பார்கள்.

புணே முறையில் மாணவர் மடித்த போர்வையின் மேல் அமர்த்தப்படுகிறார். இருக்கை சற்று உயர்ந்ததும் இடுப்பு முன்புறமாகச் சாய இடம் கிடைக்கிறது. பாதத்தைச் சுற்றிய பட்டையைப் பிடித்து, முழங்காலை மடக்காமல், முதலில் முதுகை நிமிர்த்தி நீட்டுவதே பாடம், குனிவது பிறகுதான். சென்னை முறையில் போர்வைக்கும் பட்டைக்கும் முன்பாக முழங்காலுக்கு விடுதலை கிடைக்கிறது. மூச்சை உள்ளிழுத்துக் கைகளை உயர்த்தி, வெளிவிட்டபடி முழங்கால்களைத் தளர மடக்கிக் குனிந்து, மீண்டும் எழுந்து, இப்படிச் சில முறை அசைந்த பின்னரே ஆசனத்தில் தங்குகிறார்கள். மூச்சு திக்கினால் அந்த அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. மைசூர் முறையில் ஆசனம் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. மாணவர் கணுக்காலையோ முழங்காலுக்குக் கீழ்ப்பகுதியையோ எட்டியவரை பற்றி ஐந்து மூச்சு தங்குகிறார். மறுநாளும் அதையே செய்கிறார். ஓர் ஆசனம் ஓரளவு வசப்படும்வரை ஆசிரியர் அடுத்ததைக் கொடுப்பதில்லை.

வாரத்தில் ஆறு நாள் பயிற்சி, அமாவாசையும் பௌர்ணமியும் ஓய்வு என்ற மைசூர் ஒழுங்கின் வலிமையைக் குறைத்து மதிப்பிட முடியாது. சூரிய நமஸ்காரத்தில் தொடங்கி மாறாத வரிசையை மனப்பாடமாக அறிந்தவர், ஆசிரியர் இல்லாத நாளிலும் தானே பயில்வார். ஆனால் எங்கே நிறுத்துவது என்ற முடிவு முழுவதும் ஆசிரியரின் கண்ணையும் கையையும் சார்ந்தது. அவர் முதுகில் அழுத்திக் குனியவைக்கும் பழக்கம் உள்ளவரானால், தளராத தசையுடன் வரும் புதியவருக்கு அது ஆபத்து. இந்த ஒரு காரணத்துக்காகவே நாற்பது வயதைக் கடந்து முதன்முறையாக விரிப்பை விரிப்பவருக்கு இதை முதல் தேர்வாகப் பரிந்துரைக்க மாட்டேன்.

தோள்களில் உடலைத் தாங்கிக் கால்களை மேலே உயர்த்தும் சர்வாங்காசனத்தில் தராசு புணேயின் பக்கம் சாய்கிறது. தோள்களுக்குக் கீழே போர்வைகளை அடுக்கி, தலையைத் தாழ்ந்த தரையில் வைக்கும்போது கழுத்தின் மடிப்பு வெகுவாகக் குறைகிறது. முழங்கைகள் விலகாமலிருக்கப் பட்டை கட்டப்படுகிறது. சென்னை முறை இதற்குத் மல்லாந்து படுத்து, பாதங்களை ஊன்றி இடுப்பை உயர்த்தும் துவிபாத பீடத்தால் தயார்செய்து, இடுப்பைக் கைகளில் தாங்கிய அரை நிலையோடு நின்று, பின்னர் அதை ஈடுசெய்யும் மாற்று ஆசனமாக, குப்புறப் படுத்து மார்பை உயர்த்தும் புஜங்காசனத்தைத் தருகிறது. இந்த முன்னும் பின்னுமான ஏற்பாடு மற்ற இரண்டிலும் இவ்வளவு தெளிவாக இல்லை. வெறுந்தரையில் முழு நிலையைச் செய்யச்சொல்லும் எவரையும், அவர் எந்த மரபினராயினும், தொடக்கநிலையினர் தயக்கத்தோடு அணுகுவதே நல்லது. கண் அழுத்த நோயோ கட்டுப்படாத இரத்த அழுத்தமோ உள்ளவர்களுக்குத் தலைகீழ் ஆசனங்களே வேண்டாம்.

புணே முறைக்கும் குறை உண்டு. கருவிகள் இல்லாத இடத்தில் பயில மனம் வராமல் போகிறது. நிற்கும் ஆசனங்களில் பாதம், முட்டி, இடுப்பு என்று அடுக்கடுக்காக வரும் திருத்தங்களில் புதியவர் மூச்சை மறந்துவிடுகிறார். சென்னை முறையின் குறை வேறு வகையானது. அது தனியொருவருக்கென வகுக்கப்படுவது. முப்பது பேர் நிற்கும் வகுப்பில் அதன் பாதி பயன் போய்விடுகிறது. முழங்காலை எப்போது நீட்டத் தொடங்குவது என்று சொல்ல ஆளில்லாவிட்டால், மடக்கியே ஆண்டுக்கணக்கில் தங்கிவிடுபவர்களும் உண்டு.

ஆகவே முதல் சில மாதங்களுக்குச் சென்னை முறையின் அசைவும் மூச்சும், அமரும் ஆசனங்களிலும் சர்வாங்காசனத்திலும் புணேயின் போர்வை என்பதே என் தேர்வு. நல்ல உடல்நிலையுள்ள இளையவர் அதன்பின் மைசூர் வரிசைக்குப் போகலாம். அப்போது கை பாதத்தை எட்டுகிறதா என்பதைவிட, உடலைப் பலகைபோல் நேராக வைத்து, முழங்கைகளை மடக்கித் தரைக்குச் சற்று மேலே தாங்கும் சதுரங்க தண்டாசனத்தில் தோள் முழங்கையின் மட்டத்துக்குக் கீழே சரியாமல் நிற்கிறதா என்பதை ஆசிரியர் முதலில் பார்க்கட்டும். சரிந்தால் முழங்கால்களைத் தரையில் ஊன்றிச் செய்ய அனுமதிக்காத வகுப்பில் சேர வேண்டாம்.